செய்குன்று: பொதுப் பூங்காவில் இயற்கை உருவாக்கப்பட்ட வரலாறு

நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் தீவில் 843 ஏக்கர் பரப்பில் விரிந்து கிடக்கும் சென்ட்ரல் பார்க்கில், மனிதக் கை படுவதற்கு முன்பிருந்தே அங்கே இருந்தவை என்று துணிந்து சொல்லத்தக்கவை, புல்வெளிகளின் நடுவே முதுகு காட்டிக் கிடக்கும் கருஞ்சாம்பல் நிறப் பாறைகள்தாம். ஏரிகள் தோண்டப்பட்டவை, ஓடைகள் குழாய்நீரால் ஓடுபவை, காடுபோல் அடர்ந்த பகுதி கன்று கன்றாக நடப்பட்டது, நிலத்தின் மெல்லிய ஏற்ற இறக்கங்கள்கூட வண்டி வண்டியாக மண் கொட்டி நிரவப்பட்டவை. ஆயினும் ஆண்டுதோறும் அங்கே வந்து போகும் கோடிக்கணக்கானோரில் பலர், சுற்றிலும் நகரம் வளர்ந்தபோது தப்பிப் பிழைத்த பழைய காட்டின் எச்சம் அது என்றே எண்ணிக்கொள்கின்றனர். அந்த எண்ணத்தை உண்டாக்கியது பூங்காவை அமைத்தவர்களின் வெற்றி. அவர்களின் உழைப்பும், அந்த நிலத்தில் முன்பு வாழ்ந்தவர்களின் வரலாறும் ஒருசேர மறக்கப்பட்டதற்கும் அதே வெற்றிதான் காரணம்.

தமிழில் காடு வேறு, கா வேறு. தானே வளர்ந்தது காடு. வளர்த்துக் காக்கப்படுவது கா. பூங்கா என்னும் சொல்லுக்குள்ளேயே அந்தக் காவல் இருக்கிறது. அரசர்களின் சோலையில் எழுப்பப்பட்ட மேட்டுக்குப் பழந்தமிழ்க் காப்பியங்கள் செய்குன்று என்று பெயரிட்டன. அது மனிதர் செய்தது என்பதை அந்தப் பெயர் மறைக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உருப்பெற்று, 19ஆம் நூற்றாண்டில் பொதுப் பூங்காக்களின் வழியே பல நாடுகளுக்கும் பரவிய இயற்கைப் பாங்கு நிலக்காட்சிக் கலை, அதாவது மேடு பள்ளம், நீர், மரம், பாதை ஆகியவற்றை ஓவியர் வண்ணங்களைக் கையாள்வதுபோல் கையாண்டு, தானாகவே அமைந்த காட்சி என்ற உணர்வைக் காண்பவருக்குத் தரும் கலை, இதற்கு மாறான கொள்கையை உடையது. குன்றைச் செய்ய வேண்டும்; செய்த தடம் தெரியக் கூடாது.

அதற்கு முந்தைய ஐரோப்பியத் தோட்டங்களுக்கு இப்படி மறைக்கும் நோக்கம் இருந்ததில்லை. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயிக்காக ஆந்த்ரே லெ நோத்ர் அமைத்த வெர்சாய் தோட்டத்தில் பாதைகள் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடின, செடிகள் கூம்பாகவும் உருண்டையாகவும் கத்தரிக்கப்பட்டன, மன்னர் கடந்து செல்லும் வேளை பார்த்து நீரூற்றுகள் திறந்துவிடப்பட்டன. மண்ணும் மரமும் நீரும் அரச ஆணைக்குக் கட்டுப்பட்டவை என்பதை அத்தோட்டம் வெளிப்படையாகவே பறைசாற்றியது. தங்கள் மன்னரின் அதிகாரத்தை நாடாளுமன்றத்தைக் கொண்டு கட்டுக்குள் வைத்திருந்த இங்கிலாந்தின் பெருநிலக்கிழார்களுக்கோ, 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அந்த நேர்கோடுகள் கொடுங்கோன்மையின் சின்னமாகத் தோன்றத் தொடங்கின. இத்தாலியில் ஓவியம் பயின்று திரும்பிய வில்லியம் கென்ட், பக்கிங்ஹாம்ஷயரைச் சேர்ந்த ஸ்டோ என்னும் பெருநிலத் தோட்டத்தில் கோடுகளைத் தளர்த்தி, சரிவான புல்வெளியும் வளைந்த நீர்நிலையும் கூட்டங்கூட்டமாக நிற்கும் மரங்களும் கொண்ட காட்சிகளை அமைத்தார். அதே தோட்டத்தில் 1741இல் வேலைக்குச் சேர்ந்த லான்சலாட் பிரவுன், அடுத்த நாற்பதாண்டுகளில் 170க்கும் மேற்பட்ட பெருநிலங்களை மாற்றியமைத்தார். எந்த நிலத்தைப் பார்த்தாலும் இதில் நல்ல வாய்ப்புகள் உள்ளன என்று உரிமையாளரிடம் சொல்லும் வழக்கத்தால் 'கேப்பபிலிட்டி' பிரவுன் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது.

பிரவுனின் கைத்திறனுக்கு ஆக்ஸ்போர்டுஷயரின் பிளென்ஹைம் மாளிகை நல்ல சான்று. அங்கே மிகப் பெரிய பாலம் ஒன்றின் அடியில் வாய்க்கால் அளவே ஓடிக்கொண்டிருந்த கிளைம் என்னும் சிற்றாற்றை அவர் 1760களில் அணைகட்டித் தேக்க, பாலத்தின் கீழறைகள் நீரில் மூழ்கின. அதுவரை தேவைக்கு மிஞ்சிப் பெருத்துத் தெரிந்த பாலம், புதிய ஏரிக்கு அளவெடுத்துக் கட்டியதுபோல் ஆயிற்று. இதைவிட நுட்பமானது, பிரவுனுக்கு முன்பே வழக்குக்கு வந்து அவர் தாராளமாகக் கையாண்ட 'ஹா-ஹா' என்னும் அமைப்பு. மாளிகையின் பலகணியிலிருந்து நோக்கினால் புல்வெளி தடையின்றித் தொடுவானம்வரை ஓட வேண்டும். அங்கே மேயும் ஆடுமாடுகளோ மாளிகை வாசலுக்கு வந்துவிடக் கூடாது. இவ்விரண்டையும் நிறைவேற்ற, வேலிக்குப் பதிலாகப் பள்ளம் தோண்டி, மாளிகைப் பக்கத்துக் கரையைச் செங்குத்துச் சுவராக எழுப்பி, எதிர்ப்பக்கத்தைச் சரிவாக விட்டுப் புல் வளர்த்தனர். சரிவில் இறங்கும் கால்நடை சுவரடியில் நின்றுவிடும்; மேலிருந்து பார்ப்பவருக்குச் சுவரும் தெரியாது, பள்ளமும் தெரியாது. எல்லை இருக்கிறது, கண்ணுக்குத்தான் படுவதில்லை. பிற்காலப் பொதுப் பூங்காக்கள் கையாண்ட உத்திகள் பலவற்றின் வித்து இந்தப் பள்ளத்தில் இருக்கிறது.

கண்ணில் படக் கூடாதவை என்று ஒதுக்கப்பட்டவை வேலிகள் மட்டுமல்ல. ஊர்ப்பொது மேய்ச்சல் நிலங்கள் சட்டத்தின் துணையோடு தனியுடைமையாக வளைக்கப்பட்ட காலம் அது. பரந்த புல்வெளியின் அழகுக்கு இடையூறாக நின்ற ஊர்களும் அகற்றப்பட்டன. ஆக்ஸ்போர்டுஷயரின் நூன்ஹாம் கோர்ட்னி என்னும் ஊரை அதன் நிலக்கிழார் 1760களில் பெயர்த்து நெடுஞ்சாலையோரம் குடியேற்றினார். ஆலிவர் கோல்ட்ஸ்மித் 1770இல் வெளியிட்ட, பாழ்பட்ட ஊரைப் பற்றிய புகழ்பெற்ற கவிதைக்கு இந்நிகழ்ச்சியே தூண்டுதல் என்று பலர் கருதுவர். டார்செட்டின் மில்டன் ஆபஸில் சந்தையோடு கூடிய சிறுநகரமே இடிக்கப்பட்டு, மாளிகையின் பார்வைக்கு எட்டாத பள்ளத்தாக்கில் ஒரே மாதிரியான குடிசைவீடுகள் வரிசையாகக் கட்டப்பட்டன. அந்த வீடுகளை இன்று சுற்றுலாப் பயணிகள் அழகென்று படம் எடுத்துக்கொள்கின்றனர். இயற்கைப் பாங்கின் வரலாற்றை எழுதுவோர் பலர் ஓவியங்களையும் கவிதைகளையும் பற்றி விரிவாகப் பேசிவிட்டு இந்த ஊர்களை அடிக்குறிப்பில் தள்ளிவிடுவது நியாயமன்று. வெளியேற்றம் இக்கலையின் தொடக்கத்திலேயே அதனோடு பிறந்தது.

தனியார் நிலங்களில் வளர்ந்த இக்கலை பொதுமக்களுக்கு வந்து சேர நெடுங்காலம் பிடித்தது. பவேரியாவின் ஆட்சியாளர் கார்ல் தியோடோரின் ஆணைப்படி 1789இல் மியூனிக் நகரில் தொடங்கப்பட்ட 'ஆங்கிலத் தோட்டம்' இவ்வகையில் முன்னோடி. இங்கிலாந்தில் இதற்கான நெருக்கடியைத் தோற்றுவித்தவை ஆலைநகரங்கள். வயல்வெளியை விட்டு நகரத்துக்கு வந்த தொழிலாளர் குடும்பங்களுக்குக் காற்றாட நடக்கவும் இடமில்லை என்பதை நாடாளுமன்றக் குழு ஒன்று 1833இல் அறிக்கையாகப் பதிவு செய்தது. காலரா பரவிய ஆண்டுகள் அவை. கெட்ட காற்றே நோயைக் கொண்டுவருகிறது என்று மருத்துவர்கள் நம்பியதால், பூங்கா நகரத்தின் நுரையீரலாகக் கருதப்பட்டது. ஜோசப் ஸ்டிரட் என்னும் ஆலைமுதலாளி 1840இல் டார்பி நகர மக்களுக்கு மரப்பூங்கா ஒன்றை வழங்கினார். எனினும் அது தனிமனிதரின் கொடை. பொதுப்பணத்தில் நிலம் வாங்கி, எல்லோருக்கும் கட்டணமின்றித் திறந்துவிடும் துணிவு லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள பிர்க்கன்ஹெட் நகரத்துக்கு வாய்த்தது.

பிர்க்கன்ஹெட் பூங்காவை வடிவமைத்த ஜோசப் பாக்ஸ்டன், சாட்ஸ்வொர்த் மாளிகையின் தோட்டக்காரராக உயர்ந்து, 1851இல் லண்டனில் கண்ணாடி மாளிகையை எழுப்பிப் புகழ்பெற்றவர். அவருக்குத் தரப்பட்டது நீர் தேங்கிக் கிடந்த சதுப்பு. இரண்டு ஏரிகள் வெட்டி, அந்த மண்ணைக் கொண்டே கரையோரம் மேடுகள் எழுப்பி, எங்கே நின்றாலும் ஏரி முழுவதும் ஒரே பார்வையில் அகப்படாதபடி அவர் அமைத்தார். முடிவு தெரியாத நீர் பெரிதாகத் தோன்றும் என்பது பிரவுன் காலத்துப் பாடம். பூங்காவைச் சுற்றி வீட்டுமனைகளை விற்ற பணம் செலவை ஈடுகட்ட உதவியது. 1847 ஏப்ரல் 5ஆம் நாள் அது முறைப்படி திறக்கப்பட்டது. மூன்றாண்டு கழித்து, அங்கே வந்திறங்கிய அமெரிக்க இளைஞர் ஒருவரிடம், ஊரைவிட்டுப் போகுமுன் புதிய பூங்காவைப் பார்த்துவிட்டுப் போகும்படி ரொட்டிக் கடைக்காரர் ஒருவர் வற்புறுத்தினார். அந்த இளைஞர் பிரெடெரிக் லா ஓம்ஸ்டெட். ஏழைக்கும் செல்வருக்கும் சமஉரிமையுள்ள இத்தகைய தோட்டம் மக்களாட்சி நாடான அமெரிக்காவில் இல்லையே என்று அவர் தம் பயண நூலில் வருந்தி எழுதினார்.

இதே காலத்தில் இக்கலை கப்பலேறி நீலகிரிக்கும் வந்து சேர்ந்தது. லண்டன் கியூ தோட்டத்தில் பயின்ற வில்லியம் கிரகாம் மெக்ஐவர் 1848இல் உதகமண்டலத்துக்கு வந்து, தொட்டபெட்டா மலைச்சரிவில் இன்றைய அரசினர் தாவரவியல் பூங்காவை உருவாக்கினார். மலைச்சரிவின் போக்கிலேயே இறங்கும் அதன் புல்வெளிகள் ஆங்கிலேய நிலக்காட்சி மரபைச் சேர்ந்தவை. அந்தச் சரிவுகள் முன்பு தோடர்களின் எருமைகள் மேய்ந்த நிலம்; பூங்காவுக்கு மேலே மந்து எனப்படும் தோடர் குடியிருப்பு இன்றும் இருக்கிறது.

அமெரிக்காவில் பூங்கா வேட்கையை முதலில் தணித்தவை இடுகாடுகள். பாஸ்டனை அடுத்த மவுண்ட் ஆபர்ன் இடுகாடு 1831இல் குன்றும் குளமும் வளைபாதையுமாக அமைக்கப்பட்டபோது, இறந்தோரைக் காண வந்தவர்களைவிடக் காற்று வாங்க வந்தவர்கள் பெருகினர். நியூயார்க்கில் கவிஞரும் பத்திரிகை ஆசிரியருமான வில்லியம் கல்லன் பிரையன்ட் 1844 முதலே பெரும்பூங்கா வேண்டும் என்று எழுதிவந்தார். தோட்டக்கலை எழுத்தாளர் ஆண்ட்ரூ ஜாக்சன் டவுனிங் அதற்கு வலுச் சேர்த்தார். 1852இல் ஹட்சன் ஆற்றில் நீராவிக் கப்பல் தீப்பற்றிய விபத்தில் டவுனிங் இறந்திராவிட்டால் சென்ட்ரல் பார்க்கை வடிவமைக்கும் பணி அவருக்கே போயிருக்கும் என்று கருதுவதற்கு இடமுண்டு. மறு ஆண்டு நியூயார்க் மாநிலச் சட்டமன்றம் தீவின் நடுப்பகுதியைப் பூங்காவுக்காகக் கையகப்படுத்த அதிகாரம் அளித்தது.

அந்த நிலம் வெற்றிடமாக இருக்கவில்லை. ஏறத்தாழ 1,600 பேர் அங்கே வாழ்ந்தனர். அவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள் இன்றைய 82ஆம் தெருவுக்கும் 89ஆம் தெருவுக்கும் இடையே, பூங்காவின் மேற்கு ஓரத்தில் அமைந்த செனெகா கிராமத்தார். நியூயார்க் மாநிலத்தில் அடிமைமுறை முற்றாக ஒழிய இன்னும் ஈராண்டுகள் இருந்த 1825 செப்டம்பரில், காலணிகளுக்கு மெருகிட்டுப் பிழைத்த ஆண்ட்ரூ வில்லியம்ஸ் என்னும் 25 வயதுக் கறுப்பின இளைஞர் 125 டாலருக்கு மூன்று மனைகள் வாங்கியதில் அந்த ஊர் தொடங்கியது. கறுப்பின ஆண் வாக்களிக்க வேண்டுமானால் 250 டாலர் பெறுமான சொத்து வைத்திருக்க வேண்டும் என்பது அன்றைய மாநில அரசமைப்பின் விதி. வெள்ளையருக்கு அப்படியொரு நிபந்தனை இல்லை. எனவே அங்கே மனை என்பது கூரைக்கான இடம் மட்டுமன்று, வாக்குரிமைக்கான வழியும் ஆகும். 1855இல் ஏறத்தாழ 225 பேர் வாழ்ந்த அவ்வூரில் மூன்று தேவாலயங்களும் பள்ளியும் இடுகாடுகளும் இருந்தன. மூன்றில் இரு பங்கினர் கறுப்பினத்தார், மற்றவர்களுள் பெரும்பாலோர் அயர்லாந்திலிருந்து வந்தவர்கள். பூங்காவை ஆதரித்த பத்திரிகைகள் அவர்களை ஆக்கிரமிப்பாளர்கள் என்றும் குடிசைவாசிகள் என்றும் எழுதின. வில்லியம்ஸ் தம் வீட்டுக்கும் மனைகளுக்கும் 3,500 டாலர் கேட்டார். 2,335 டாலர் கிடைத்தது. 1857 முடிவதற்குள் ஊர் முழுவதும் காலி செய்யப்பட்டது.

அதே 1857இல் பூங்காவின் வடிவமைப்புக்குப் போட்டி அறிவிக்கப்பட்டது. அப்போது பூங்காப் பணிகளின் கண்காணிப்பாளராகச் சேர்ந்திருந்த ஓம்ஸ்டெட்டைத் தம்மோடு இணைந்து போட்டியிட அழைத்தவர், டவுனிங்கின் கூட்டாளியாக இருந்த லண்டன் கட்டடக் கலைஞர் கால்வெர்ட் வாக்ஸ். புகழின் பெரும்பங்கு ஓம்ஸ்டெட்டுக்கே போய்ச் சேர்ந்ததால், இந்த அழைப்பை நினைவூட்டுவது கடமை. பகலில் அலுவல் முடித்து மாலையிலும் இரவிலும் வரைந்த அவர்களின் 'பசும்புல்வெளித் திட்டம்', 33 திட்டங்களில் முதலிடம் பெற்று 1858 ஏப்ரலில் 2,000 டாலர் பரிசை வென்றது. நிலம் இப்போது எப்படி இருக்கிறது, பணி முடிந்தபின் எப்படி இருக்கும் என்று இருநிலைகளையும் அடுத்தடுத்துக் காட்டும் படங்களை அவர்கள் இணைத்திருந்தனர். பிரவுனுக்குப் பின் வந்த ஹம்ப்ரி ரெப்டன், செந்தோல் அட்டையிட்ட ஏடுகளில் மடிப்புத் தாளைத் தூக்கினால் புதிய காட்சி தெரியும்படி வரைந்து நிலக்கிழார்களைக் கவர்ந்த அதே உத்தி, இப்போது மாநகராட்சிக் குழுவினரைக் கவர்ந்தது.

அத்திட்டத்தின் தனிச்சிறப்பு, நகரப் போக்குவரத்துக்காகப் பூங்காவைக் குறுக்கே கடக்க வேண்டிய நான்கு சாலைகளையும் தரைமட்டத்துக்குக் கீழே தாழ்த்தியதுதான். சரக்கு வண்டிகள் பள்ளத்தில் ஓட, மேலே பாலங்களின்மீது புல்லும் மரமும் தொடர்ந்தன. பெருநிலக்கிழாரின் ஹா-ஹா இங்கே நகரத்தின் இரைச்சலைத் தடுக்கும் கருவியாயிற்று. பூங்காவுக்கு உள்ளேயும் குதிரை வண்டிக்கும் குதிரையில் செல்வோருக்கும் நடப்பவருக்கும் தனித்தனிப் பாதைகள் வகுத்து, அவை சந்திக்கும் இடங்களில் பாலங்கள் கட்டி, யாரும் யாருக்கும் வழிவிட்டு நிற்கத் தேவையில்லாதபடி செய்தனர். ஓரங்களில் அடர்ந்து நின்ற மரங்கள் ஐந்தாறு மாடிக் கட்டடங்களை மறைக்கப் போதுமானவை. போட்டி அறிவிக்கப்பட்ட அதே ஆண்டில்தான் அந்நகரத்தின் கடை ஒன்றில் எலிஷா ஓடிஸ் ஆட்கள் ஏறிச்செல்லும் மின்தூக்கிகளின் முன்னோடியான நீராவித் தூக்கியைப் பொருத்தினார். அது எழுப்பப்போகும் வானளாவிகளை எந்த மரவரிசையாலும் மறைக்க முடியாது என்பதை வடிவமைத்தவர்கள் அறிந்திருக்க வழியில்லை.

கட்டுமானத்தின் அளவை அன்றைய பொறியியலோடு வைத்துப் பார்த்தால்தான் அதன் பெருமை விளங்கும். பொருளாதாரச் சரிவால் வேலையிழந்தோர் நகரில் நிறைந்திருந்த காலம். பணியாளர் எண்ணிக்கை உச்சகட்டத்தில் 3,000ஐத் தாண்டியது. அயர்லாந்துத் தொழிலாளர்கள் மண் சுமந்தனர், ஜெர்மானியத் தோட்டக்காரர்கள் நட்டனர். கெட்டிப் பாறையைப் பிளக்க 166 டன் வெடிமருந்து செலவாயிற்று. நிலம் ஊட்டமற்றதாக இருந்ததால் நியூ ஜெர்சியிலிருந்து மேல்மண் கொண்டுவரப்பட்டது. ஜார்ஜ் வேரிங் என்னும் பொறியாளர் சுட்ட களிமண் குழாய்களைப் பல மைல் நீளத்துக்குப் புதைத்துச் சதுப்பை வடித்தார். புல்வெளி இன்றும் மழைக்குப்பின் சேறாகாமல் இருப்பது கண்ணுக்குத் தெரியாத அத்தகைய குழாய்களால்தான். 2,70,000க்கும் மேற்பட்ட மரங்களும் புதர்ச்செடிகளும் நடப்பட்டன. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 1858 டிசம்பரில், சதுப்பாகக் கிடந்து ஏரியாக மாறிய நீர் உறைந்ததும் மக்கள் அதன்மேல் சறுக்கி விளையாட வந்துவிட்டனர்.

'ராம்பிள்' எனப்படும் சுற்றுவழிக் காட்டை அருகிருந்து நோக்கினால் இக்கலையின் நுணுக்கம் புலப்படும். பாறை இடுக்கிலிருந்து சலசலத்து இறங்கும் அங்குள்ள ஓடை, சுனையில் பிறந்ததன்று. பாறைகளுக்குப் பின்னே மறைந்திருக்கும் குழாயின் நீர் அது, திருகினால் நின்றுவிடும். பாதை நாலடிக்கு ஒருமுறை வளைவதால், பத்து நிமிடத்தில் கடக்கக்கூடிய இடம் அரைமணிக்குப் போதுமானதாகத் தோன்றுகிறது. அங்கே நடவுப் பணியை நடத்திய ஆஸ்திரியத் தோட்டக்காரர் இக்னாஸ் பிலாட்டுக்கு, 1863இல் பனாமா பூசந்தியைக் கடந்து கலிபோர்னியாவுக்குச் சென்றுகொண்டிருந்த ஓம்ஸ்டெட் நீண்ட கடிதம் எழுதினார். வெப்பமண்டலக் காட்டின் செறிவும் கொடிப்பின்னலும் தம் மனத்தில் எழுப்பிய வியப்பை, குளிர்தாங்கும் வடநாட்டுச் செடிகளைக் கொண்டே ராம்பிளில் எழுப்ப முடியுமா என்பதே அதன் பொருள். காட்டைப் பார்த்து அப்படியே படியெடுப்பது அவர் நோக்கமன்று, காடு தரும் உணர்வை வேறு செடிகளால் தருவதே நோக்கம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பூங்காவின் வடகோடியில் 1866இல் வாக்ஸ் அமைத்த ஹடில்ஸ்டோன் வளைவு இன்னொரு சான்று: ஒன்றன்மேல் ஒன்று உருண்டு தாமாகவே தங்கிவிட்டவைபோல் காட்சிதரும் பெரும்பாறைகள், காரை துளியும் இல்லாமல், தம் எடையாலேயே ஒன்றையொன்று தாங்கி மேலுள்ள வண்டிப்பாதையைச் சுமக்கின்றன.

இத்தனை உழைப்பில் விளைந்த பூங்கா தொடக்கத்தில் யாருக்குப் பயன்பட்டது என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. முதல் பத்தாண்டுகளில் வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் குதிரை வண்டிகளில் வந்தவர்கள். தொழிலாளர் குடியிருப்புகள் தெற்கே தொலைவில் இருந்தன. இசை நிகழ்ச்சிகளோ அவர்களுக்கு வேலைநாளான சனிக்கிழமையில் நடந்தன, ஞாயிற்றுக்கிழமை இசைக்கு 1880கள்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பள்ளிச் சிறுவர் பந்தாடத் தலைமையாசிரியரின் கடிதம் கேட்கப்பட்டது. இயற்கைக் காட்சி, காண்பவர் அறியாமலே அவர் மனத்தை ஆற்றும் என்று ஓம்ஸ்டெட் உறுதியாக நம்பினார். ஆரவாரமான விளையாட்டு அந்த அமைதியைக் கெடுக்கும் என்றும் அஞ்சினார். அவர் நம்பிக்கை உண்மையானது, அச்சம் குறுகியது. போட்டி விதிகள் கேட்ட படை அணிவகுப்புத் திடலைக்கூட ஓம்ஸ்டெட்டும் வாக்ஸும் மேய்ச்சல்நிலமாக்கி 1864இல் ஆடுகளை விட்டனர். 1934இல் அவை புரூக்ளினுக்கு அனுப்பப்படும்வரை எழுபதாண்டுகள் அங்கே மேய்ந்தன. ஆட்டுக்கொட்டில் உணவகமாக மாற்றப்பட்டது. மக்கள் கேட்டுக் கேட்டுத்தான் புல்வெளியில் உட்காரவும் ஓடவும் ஆடவும் உரிமை பெற்றனர். அவ்வகையில் இன்றைய பூங்கா, தன்னை வடிவமைத்தவர்களுக்குக் கடன்பட்டிருக்கும் அளவுக்கு அந்த மக்களுக்கும் கடன்பட்டிருக்கிறது.

பாரிசில் இக்கலை வேறு வழியில் சென்றது. சுண்ணச்சாந்துக்காக ஜிப்சம் வெட்டியெடுத்தபின் குப்பைமேடாகிக் கிடந்த கற்சுரங்கத்தை ழான்-ஷார்ல் அல்ஃபான் என்னும் பொறியாளர் பியூட்-ஷோமோன் பூங்காவாக மாற்றி 1867இல் திறந்தார். குகையில் தொங்கும் கற்கூம்புகளும் மரக்கிளை போன்ற கைப்பிடிகளும் சிமென்டால் வார்க்கப்பட்டவை. அருவிக்கு நீர் எந்திரத்தால் ஏற்றப்பட்டது. ஓம்ஸ்டெட் மறைத்ததை அல்ஃபான் பாதி வெளிக்காட்டினார் என்று சொல்லலாம்.

ஓம்ஸ்டெட்டின் பிற்காலப் பணிகளுள் பாஸ்டனின் பேக் பே ஃபென்ஸ் மிகுந்த கவனத்துக்குரியது. கழிவுநீரும் கடலின் ஏற்றவற்றமும் கலந்து நாறிய சேற்றுநிலத்தை, நகரப் பொறியாளரோடு சேர்ந்து 1870களின் இறுதியில் அவர் சீரமைக்கத் தொடங்கினார். கழிவுநீரைத் தனிச் சாக்கடையில் திருப்பிவிட்டு, அலைவாயில் மதகு அமைத்து, மழைவெள்ளம் வந்தால் பரவி நிற்கும் தாழ்வெளியாக அந்த நிலத்தை வடிவமைத்து, உப்புநீரில் நனைந்தாலும் மடியாத கோரையும் புல்லும் நட்டார். பார்வைக்குப் பழைய உவர்ச்சதுப்பு. செயலில் வெள்ளத்தடுப்புப் பணிமனை. அழகுக்காக மட்டும் இயற்கையை உருவாக்குவதிலிருந்து, நீரும் செடியும் நகரத்துக்காக வேலை செய்யும்படி உருவாக்குவதற்கு இக்கலை இங்கே ஒரு படி ஏறியது. ஆனால் 1910இல் சார்லஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் அணை கட்டியதும் கடல்நீர் வருவது நின்றது. உவர்நிலச் செடிகள் மடிந்தன. ஓம்ஸ்டெட் இறந்து ஏழு ஆண்டுகளே ஆகியிருந்தன. செய்யப்பட்ட இயற்கைக்கு, தன்னைச் செய்த சூழ்நிலை மாறினால் பிழைத்திருக்க வழியில்லை என்பதைப் பூங்கா மேலாளர்கள் அங்கே கற்றனர்.

எந்த மண்ணுக்கு எந்தச் செடி என்ற கேள்வியைக் கூர்மையாக எழுப்பியவர் டென்மார்க்கிலிருந்து குடிபெயர்ந்த ஜென்ஸ் ஜென்சன். சிகாகோ பூங்காக்களில் கூலித் தொழிலாளியாகத் தொடங்கிய அவர், வெளிநாட்டுச் செடிகள் அந்த மண்ணில் வாடுவதைக் கண்டு, 1888இல் யூனியன் பூங்காவில் சுற்றுப்புறப் புல்வெளிகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த காட்டுப்பூச் செடிகளால் தோட்டம் அமைத்தார். பாத்திகளில் அயல்நாட்டுப் பூக்களைக் கண்டு பழகிய மக்களுக்கு, களையென்று மிதித்துக் கடந்த செடிகள் பூங்காவுக்குள் மதிப்போடு நிற்பது புதுமையாக இருந்தது. அவர் பின்னர் கொலம்பஸ் பூங்காவில் அடுக்குப் பாறைகளும் மெல்ல நகரும் நீரும் கொண்டு புல்வெளி ஆற்றையே உருவாக்கினார். நெதர்லாந்தில் இயற்கையியல் எழுத்தாளர் யாக். பி. தைசின் எழுத்துகளால் தூண்டப்பெற்று 1940 முதல் ஆம்ஸ்டல்வீனில் உருவான தைசு பூங்காவும் உள்ளூர்த் தாவரங்களுக்கென்றே அமைந்தது.

சென்ட்ரல் பார்க்கின் ராம்பிளில் முதியோர் பொழுதுபோக்கு மையம் கட்டும் திட்டத்தை 1955இல் அதிகாரிகள் முன்வைத்தபோது, அதை எதிர்த்து நிறுத்தியவர்களுள் முன்நின்றவர்கள் பறவை நோக்கர்கள். நூறாண்டுக்கு முன் கன்று கன்றாக நட்ட காட்டில், வலசை வரும் பறவைகள் இறங்கி இளைப்பாறப் பழகியிருந்தன. ஓவியக் காட்சிக்காக நட்ட மரங்களைப் பறவைகள் மெய்யான காடாகவே ஏற்றுக்கொண்டது, அதை நட்டவர்களும் எதிர்பாராத பேறு. 1970களில் நகராட்சியின் நிதி நெருக்கடியால் புல் தேய்ந்து மண் அரித்து ஏரிகள் தூர்ந்தபோது, கவனிக்காமல் விட்டால் இந்த இயற்கை எத்தனை விரைவில் குலைந்துவிடும் என்பதும் தெரிந்தது. 1980இல் தொடங்கப்பட்ட பூங்காப் பாதுகாப்பு அமைப்பின் தோட்டக்காரர்கள் அன்றுமுதல் பூங்காவைப் பகுதி பகுதியாக மீட்டு வருகின்றனர்.

செனெகா கிராமத்தைப் பற்றிய ஆய்வு 1990களில்தான் வலுப்பெற்றது. அவ்விடத்தில் பெயர்ப்பலகை 2001இல் வைக்கப்பட்டது. 2011இல் அகழாய்வாளர்கள் அங்கே தோண்டியபோது, தேவாலயப் பணியாளராக இருந்த வில்லியம் வில்சன் தம் மனைவியோடும் எட்டுப் பிள்ளைகளோடும் வாழ்ந்த வீட்டின் கல் அடித்தளம் வெளிப்பட்டது. இரும்புத் தேநீர்க் கெட்டில் ஒன்று, இறைச்சி வாட்டும் தட்டு ஒன்று, சீனப் பீங்கான் துண்டுகள், தோலால் அடியும் துணியால் மேற்புறமும் தைத்த சிறு காலணி ஒன்று ஆகியவை மண்ணிலிருந்து கிடைத்தன. அவை இப்போது நியூயார்க் நகரத்தின் தொல்பொருள் காப்பகத்தில் உள்ளன.